இடப்பக்கக் கன்னம்

தம்பி,

நேற்று நீ கனடாவிலிருந்து தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தாய். நான் ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்கு வாய் திறக்க ஏலாமல் இருக்கிறதாக்கும் என்று நினைத்து, அம்மாவிடம் அனுதாபம் சொன்னாயாம். அந்த அனுதாபத்தை நீயே வைத்துக்கொள். நேற்றுப் பின்னேரம் எனக்கு நோவு குறைவு. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்துதான் மூடிக்கொண்டு இருந்தேன். வாலிப வயதிலிருந்து கொழும்புத்துறைக் கரையில் மீன் ஏலம் கூறி விற்றவன் நான். என் வாய்க்குள் கிடக்கிற சொற்களை உன் காது தாங்காது. எழுதினால் கொஞ்சம் துப்புரவாக வரும் என்று எழுதுகிறேன்.

இதைப் படம் எடுத்து எங்கள் குடும்பத்து வட்ஸ்அப் குழுவிலும் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் முகத்தை எல்லாருக்கும் முன்னால் வைத்து ஏலம் போட்டீர்கள். பதிலும் எல்லாருக்கும் முன்னால் இருக்கட்டும்.

நீ கேட்டது இதுதான். ஆவணியில் இங்கே ஊரில் உனக்குக் கலியாணம். அது முடியும்வரை நான் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். பொறுக்க ஏலாவிட்டால், காதுக்குப் பின்னால் திறந்து செய்கிற பெரிய ஒப்பரேசனை விட்டுவிட்டு, கன்னத்தால் ஊசி விட்டுச் செய்கிற சின்ன வேலையைச் செய்துகொள்ள வேண்டும். உயிருக்குப் பயம் குறைவு, முகம் கோணாது, எல்லாருக்கும் நிம்மதி என்றாய். அந்த எல்லாருக்குள் நான் எங்கே நிற்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் நீ சொன்ன மிச்சம் எனக்குக் கேட்கவில்லை.

இந்த நோவைப் பற்றி இணையத்தில் எல்லாம் வாசித்துவிட்டேன் என்று சொன்னாய். நல்லது. நான் வாசிக்கவில்லை, ஆதலால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இடப்பக்கம், மூக்கு மடலுக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. ஒரு சதக்காசால் மூடிவிடலாம். அதில் காற்றுப் பட்டால் போதும். ஈரக்கையைப் பழுதான சுவிச்சில் வைத்ததுபோலக் காதடியிலிருந்து மேலுதடுவரை இழுக்கும். சில கணம்தான். விட்டுவிடும். விட்டுவிட்டது என்று மூச்சு எடுத்தால், அந்த மூச்சிலேயே திரும்ப இழுக்கும். முகம் கழுவ ஏலாது. பல் தீட்ட ஏலாது. சோற்றைக் கரைத்துக் குடிக்கிறேன். வாடைக்காற்றுப் பெயர்ந்து சோழகக்காற்றுத் தொடங்கிவிட்டது. கடற்பக்கத்து யன்னல்களை எல்லாம் அம்மா பூட்டி வைத்திருக்கிறா. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் காற்றுக்குப் பயந்து அறைக்குள் ஒளித்திருக்கிறேன். இதைவிடக் கேவலம் எனக்கு வேறு வேண்டாம்.

சவரம் பாதியோடு நின்றுவிட்டது. வலப்பக்கம் வழிப்பேன். இடப்பக்கத்துக்குக் கத்தியைக் கொண்டுபோகக் கை வராது. முழுத்தாடி விடுங்கோவன் என்று அம்மா சொன்னா. சாமியார் வேசம் போட்டுப் பிழைக்கிறவர்கள் ஊரில் போதுமான அளவு இருக்கிறார்கள், நான் வேறு எதற்கு? சந்தையடியில் ஒருவன் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அண்ணை, வீட்டிலை ஆரும் மோசம் போனதோ?"

"ஓம், அரைவாசி ஆள் செத்துப்போச்சு" என்றேன்.

பெரிய துக்கத்தோடு தலையாட்டிவிட்டுப் போனான். செத்தவீட்டுத் தாடி முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் முளைக்குமா என்று யோசிக்கிற அளவுக்குக்கூட ஒருவனுக்கும் இந்த ஊரில் நேரம் இல்லை.

மற்றவர்களை மட்டும் மடையர்கள் என்று சொன்னால் நியாயம் இல்லை. இந்த நோவு தொடங்கினபோது, பல்தான் என்று நானே தீர்ப்பு எழுதினேன். பல்வைத்தியர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, பல்லு நல்லாத்தான் கிடக்கு, இது நரம்பு மாதிரித் தெரியுது" என்றார். "உங்கடை படிப்பை நீங்களே வைச்சிருங்கோ, எனக்குப் பல்லைப் புடுங்கி விடுங்கோ" என்று அந்தக் கதிரையில் படுத்துக்கொண்டே சண்டை பிடித்தேன். அவர் மறுத்துவிட்டார். வேறோர் இடம் தேடிப்போய், குளறிக் குழப்பி, கடைவாயில் இரண்டு கொடுப்புப் பற்களைப் புடுங்குவித்தேன். நல்ல பற்கள். நோவு இருந்த இடத்திலேயே இருந்தது, பற்கள்தான் போயின. அழுகின மீனை ஆயிரம் பேருக்கு முன்னால் முகர்ந்து சொன்னவன், தன் வாய்க்குள் இருந்த நல்லதைக் கெட்டதென்று எறிந்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த நோவு இடையிடையே தானாகவே சில மாதம் ஓய்ந்து கிடக்கும். அது அதன் குணம். ஆனால் ஓய்ந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு சொந்தக்காரர் கிளம்பினார். முதல்முறை ஓய்ந்தது தன் எண்ணெயால் என்றார் நாட்டுவைத்தியம் செய்கிற பரியாரியார். அடுத்தமுறை ஓய்ந்தது தான் பிடித்த விரதத்தால் என்றா மெல்பேர்ணில் இருக்கிற உன் மாமி. அடுத்த வளவு ரீச்சர் தன் சபையில் எனக்காகச் செபித்ததால் என்று சொல்லி, சாட்சி சொல்ல வரச்சொல்லியும் கேட்டா. நோவு திரும்பி வந்தபோது மூன்று பேரில் ஒருவரையும் காணவில்லை. வெற்றிக்கு ஆயிரம் தகப்பன்மார், நோவுக்கு நான் ஒருவன்.

பிறகுதான் சரியான வைத்தியரிடம் போய்க் குளிசை தொடங்கினேன். முதலில் நோவு கேட்டது. பிறகு அளவைக் கூட்டினார்கள். பிறகும் கூட்டினார்கள். இப்போது வள்ளத்திலிருந்து இறங்கினவன்போல வீட்டுக்குள் ஆடி ஆடி நடக்கிறேன். போன மாதம் கிணற்றடியில் விழுந்தேன், அம்மா உனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மனிதருடைய பெயர் மறந்துபோய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதைத்தான் "இவ்வளவு நாளும் பொறுத்தவர்தானே, இன்னும் மூண்டு மாசம்தானே" என்று நீங்கள் சொல்கிறீர்கள். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். உங்களுக்கு வரவேண்டாம். வந்தவனுக்குக் காலக்கணக்குச் சொல்லாமல் இருந்தால் போதும்.

இனி, தை மாதக் கதைக்கு வருகிறேன். நீ கட்டப்போகிற கீர்த்தனாவும் தாய் தகப்பனும் கனடாவிலிருந்து வந்து, எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த நாள். அந்த மனிதர் தன்னுடைய நீர்வேலித் தோட்டத்துக் கதலி வாழைக்குலை ஒன்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடல்தொழிலை நம்பின எங்கள் கரையார் வீட்டில் பெண் கொடுக்க அவர் எவ்வளவு காலம் யோசித்தார் என்று உனக்குத் தெரியும். ஆகவே அன்று எல்லாரும் முள்ளின்மேல் நடப்பவர்கள் மாதிரி நடந்தோம். நானும் கதைக்காமல், சாப்பிடாமல், காற்றாடியை நிற்பாட்டிவிட்டு ஒரு மூலையில் இருந்தேன். முழுச் சவரம் செய்யும் தெம்பு அந்த நாட்களில் இருந்தது, அல்லது அப்படி ஒரு பாசாங்கு இருந்தது.

வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளை அம்மாவைக் கன்னத்தில் முத்தம் தந்து கொஞ்சினாள். பிறகு என்னிடம் வந்தாள். "போட்டு வாறம் மாமா" என்று குனிந்தாள். இடப்பக்கம். அவளுடைய தலைமயிர்தான் முதலில் பட்டது. எனக்கு அந்தக் கணத்தில் மருமகளும் தெரியவில்லை, சபையும் தெரியவில்லை. இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன். விறாந்தைத் தூணில் போய் இடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

வானில் ஏறும்போது தகப்பன் மனைவியிடம் சொன்னார், "கரையாக்களுக்கு இவ்வளவு எடுப்போ?" எனக்கு நன்றாகக் கேட்டது. காதில் அப்போதும் இப்போதும் ஒரு குறையும் இல்லை.

நான் ஓடிப்போய் விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வருத்தக்காரன், நோயாளி என்று பாவம் பார்ப்பதைவிட எடுப்புக்காரன், திமிர் பிடித்தவன் என்று ஏசுவது மேல் என்று நினைத்தேன். நீ இரண்டு கிழமையாக என்னோடு கதைக்காமல் இருந்தாய். பிறகு எடுத்து, "அவையிட்டை மன்னிப்புக் கேளுங்கோ அப்பா" என்றாய். ஏன் தள்ளினீங்கள் என்று கேட்கவில்லை. அம்மாதான் பொறுக்காமல், நான் தள்ளினது நோவால்தான் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டா. அதன்பிறகுதான் உங்களுக்கு என் முகத்தில் இவ்வளவு அக்கறை வந்தது.

அந்த அக்கறையைத்தான் ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கணினியில் சின்னச்சின்னப் பெட்டிகளுக்குள் இருந்துகொண்டு எல்லாரும். லண்டனில் இருக்கிற என் தம்பி, உன் சித்தப்பா, பொறுப்பானவர் என்றபடியால் முதலில் தொடங்கினார்.

"அண்ணை, சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்திட்டால், ஆட்டைத் திவசம் முடியுமட்டும் பெடியன்ரை கலியாணம் செய்யேலாது. மண்டபம் எடுத்தாச்சு."

"ஓமோம், நாங்கள் ரிக்கற்றும் போட்டிட்டம்" என்றா மெல்பேர்ண் மாமி. "லீவும் எடுத்தாச்சு."

"நோகிறது உங்களுக்கில்லையே" என்றா அம்மா.

"அதில்லை மச்சாள், எல்லாத்தையும் யோசிக்க வேணுமெல்லோ" என்றா மாமி.

யோசித்தார்கள். நான் செத்தால் கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போகும். கன்னம் இழுத்துக்கொண்டு உயிரோடு இருந்தால் ஒன்றும் தள்ளிப்போகாது. ஆகவே நான் இருக்கவேண்டும். இதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் தீர்மானம். ஏலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்: வாங்க எண்ணமில்லாதவன்தான் உரத்து விலை கேட்பான். மீனைப் புரட்டிப் பார்ப்பான், செவுளைத் தூக்கிப் பார்ப்பான், விரலைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். அவனை நான் ஒருநாளும் ஆளாக மதித்ததில்லை. அன்று அப்படிப்பட்டவர்கள் என் சொந்த இரத்தத்தில் ஒரு திரை நிறைய இருந்தார்கள்.

ஆனால் எனக்கு நொந்தது அவர்களால் அல்ல. அவர்கள் அப்படித்தான். நீயும் ஒரு பெட்டிக்குள் இருந்தாய். சித்தப்பா ஆட்டைத் திவசம் என்று சொன்னபோது தலையைக் குனிந்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளை இப்போது வாயைத் திறப்பான், "அப்பான்ரை சாவை வைச்சுக் கணக்குப் பாக்காதேங்கோ" என்று ஒரு சொல் சொல்லுவான் என்று பார்த்தேன். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். நேற்று நெடுநேரம் கதைத்ததும் அதே கதைதான், கொஞ்சம் சீனி போட்டு. "முகம் கோணினால் சபையிலை எல்லாரும் கேப்பினம் அப்பா, வீடியோவிலும் விழும்" என்று வேறு சொன்னாய். வீடியோக்காரனுக்காக என்னுடைய நரம்பை வைத்துக்கொள்ளச் சொல்கிறாய். கோயில் வீதியில் கடலை விற்கிறவன்கூட இதைவிட நல்ல காரணம் சொல்லுவான்.

சரி, வைத்தியர் சொன்னதைக் கேள். கொழும்பில் அம்மாவும் நானும் பார்த்த அந்தச் சத்திரசிகிச்சை வைத்தியர் கண்டிப் பக்கத்துத் தமிழ்ப்பெண். படத்தைக் காட்டினா. மூளைக்குப் பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய், அந்த நரம்பின்மேல் சாய்ந்து கிடந்து துடிக்கும்போதெல்லாம் உரசுகிறது. திறந்து செய்தால், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னப் பஞ்சு மாதிரி வைத்து விலக்கிவிடுவார்களாம். நரம்பு அப்படியே இருக்கும். உணர்ச்சியும் அப்படியே இருக்கும். ஆனால் மண்டையைத் திறக்கிற வேலை. அந்தப் பக்கத்துக் காது போகலாம். சிலருக்கு முகம் இழுத்துக்கொள்ளும், சிலருக்கு அது சரிவரும், சிலருக்கு வராது. வாதம் வரலாம். மிகச் சிலர் மேசையிலிருந்து எழும்புவதில்லை. எல்லாம் செய்தும் நோவு திரும்பி வரவும் கூடும். ஊசியால் செய்வதில் இந்தப் பயங்கள் குறைவு. ஆனால் அது நரம்பைத் தெரிந்தே பழுதாக்குகிற வேலை. கன்னம் விறைக்கும். பல் புடுங்க விறைப்பு ஊசி போட்டால் இருக்கிறதே, அதுபோல. அந்த விறைப்பு இறங்காமலே நின்றுவிடலாம். நோவும் சில வருடத்தில் திரும்பலாம்.

ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஒன்றையும் பெருப்பிக்கவும் இல்லை. "நீங்கள் என்ரை இடத்திலை எண்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"எனக்கு நோகலியே ஐயா" என்றா. "ரெண்டும் செய்யக்கூடியதுதான். அவசரமும் இல்ல. கலியாணம் முடிஞ்ச பிறகும் வரலாம். ஆனா அதுவரைக்கும் குளிச கூடிக்கிட்டேதான் போகும், நீங்க விழுந்துகிட்டேதான் இருப்பீங்க."

இத்தனை வருடத்தில் என்னிடம் முழுவதையும் சொன்ன முதலாவது ஆள் அவதான். முடிவை என் கையில் தந்தா. நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மடையன், உங்கள் கையில் தந்தேன்.

உங்கள் கூட்டம் முடிந்த அடுத்தநாள் ஒரு அழைப்பு வந்தது. கீர்த்தனா. நீ சொல்லி எடுக்கவில்லை என்று தெரியும், ஏனென்றால் உனக்குத் தெரியாமல் எடுப்பதாக அவளே சொன்னாள். அவளுடைய தமிழ் உன்னுடையதைவிடக் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, எந்தப் பக்கம் நோகுது?"

"இடப்பக்கம்" என்றேன்.



"அப்ப நான் வந்த பக்கம். சொல்லியிருந்தால் மற்றப் பக்கம் வந்திருப்பனே மாமா."

தம்பி, லண்டன், மெல்பேர்ண், ரொறன்ரோ, கொழும்புத்துறை, இத்தனை இடத்திலிருந்தும் என் முகத்தைப் பற்றிக் கதைத்தீர்கள். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நான் தள்ளிவிட்டு அவமானப்படுத்தின பிள்ளைதான் கேட்டாள். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். அழுதால் கண்ணீர் கன்னத்தில் இறங்கும், அது பட்டாலே இழுக்கும் என்பதையும் மறந்துபோய் அழுதேன். அம்மா பயந்துபோனா.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். ஊசி வேண்டாம். செத்த கன்னத்தோடு உன் கலியாண வீட்டில் மரப்பாச்சி மாதிரி நிற்க எனக்கு இஷ்டமில்லை. நீ கனடா போன நாளில், வாசற்படலையடியில் வான் நிற்க, அழுதுகொண்டு என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாய். "போதும் போதும், வான்காரன் பாத்துக்கொண்டு நிக்கிறான்" என்று உன்னைத் தள்ளிவிட்டேன். நீ ஏறிப் போனபிறகு, முகத்தைத் துடைக்காமல் கனநேரம் அதிலேயே நின்றேன். உனக்குப் பிறகு அந்த இடப்பக்கத்தை யாருக்கும் கொடுக்க முடியாமல் போயிற்று. அந்தக் கன்னம் எனக்கு உணர்ச்சியோடு திரும்ப வேண்டும். அதற்காக ஒரு காது போனால் போகட்டும். எங்கள் குடும்பம் கதைப்பதை அரைவாசி கேட்டாலே தாராளம்.

உயிர்ப்பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருக்கிறது. நித்திரையில்கூட இருக்கிறது. ஆனால் பயத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் சித்தப்பாவைக் கேட்டு முடிவெடுப்பதும் ஒன்றுதான்.

வைகாசிக் கடைசியில் கொழும்பில் எனக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அது கரிநாளா என்று மாமி பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லை. வைத்தியர் அன்றுதான் வருகிறா, அதனால் நல்லநாள். அவர்கள் அனுப்பின சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் இருந்தா. "உங்களுக்கு விசர்" என்றா, பிறகு "நானும் வாறன்" என்றா. நீ பறந்துவந்து ஆஸ்பத்திரி வாசலில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். லீவைக் கலியாணத்துக்கு மிச்சம் பிடி.

உனக்கு இரண்டு வேலை தருகிறேன். ஒன்று, நான் மேசையிலிருந்து எழும்பாவிட்டால் செய்யவேண்டியது. கொள்ளியை வைத்துவிட்டு, ஆவணியில் குறித்த நாளிலேயே தாலியைக் கட்டு. ஆட்டைத் திவசம், துடக்கு, தீட்டு என்று சித்தப்பா தொடங்குவார். அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்காதே. "அப்பா சொன்னவர், நடக்கும்" என்று சொல். சபையில் எழும்பி நின்று, எல்லாருக்கும் கேட்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லாமல் விட்ட சொல்லுக்குப் பதிலாக இந்த ஒன்றைச் சொன்னால் உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. மற்றது, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்யவேண்டியது. அந்தப் பிள்ளை ஒருநாள் காரணமில்லாமல் உன்னைத் தள்ளிவிடுவாள், முகத்தைத் திருப்புவாள். எடுப்பு என்று நினையாதே. மன்னிப்புக் கேள் என்று சொல்லாதே. எங்கே நோகுது என்று முதலில் கேள். அதை உனக்கு நான் பழக்கவில்லை. அவளிடமே பழகு.

சம்பந்தியாருக்கு ஒரு செய்தி சொல்லிவிடு. சோற்றை மெல்ல ஏலாத இந்த மாதங்களில் என்னை உயிரோடு வைத்திருப்பது நீர்வேலிக் கதலிதான். எடுப்புப் பிடித்த கரையான் அவருடைய ஊர் வாழைப்பழத்தில் சீவிக்கிறான் என்று சொல், மனிதருக்கு மனம் ஆறும்.

எழும்பிவிட்டேன் என்றால், முகம் கோணியிருக்கலாம், இடக்காது கேட்காமல் இருக்கலாம். வீடியோக்காரனை வலப்பக்கத்தால் எடுக்கச் சொல். நீங்கள் இரண்டு பேரும் தாலி கட்டி முடிந்து எழும்பி வரும்போது, என்னைக் கொஞ்சுவதற்கு வலப்பக்கம் வரவேண்டாம். கலியாணத்தன்று விடியவே எழும்பி, இரண்டு பக்கமும் சவரம் செய்துகொண்டு நிற்பேன்.

அப்பா